குயவனும் புற்றும்: கடவுள் உண்டு, இல்லை, தெரியாது என்பவற்றின் நியாயம்

விடிந்து கதவைத் திறக்கிறோம். தெரு முழுக்க நனைந்திருக்கிறது. இரவு மழை பெய்திருக்கிறது என்று முடிவு செய்கிறோம். உண்மையில் கசிகிற தண்ணீர் லாரி ஒன்று போயிருந்தால் நம் முடிவு தவறு. ஆனால் அந்த முடிவுக்கு வந்த விதத்தில் குற்றம் இல்லை. கிளி ஜோசியத்தில் சீட்டு எடுத்துப் பார்த்து, இரவு மழை பெய்தது என்று ஒருவர் சொல்ல, மழை உண்மையிலேயே பெய்திருந்தால் முடிவு சரி, வந்த விதம் கோணல். கடவுள் பற்றிய சண்டைகளில் பாதி, இந்த இரண்டையும் போட்டுக் குழப்புவதால் வருகிறது. கடவுள் உண்டா என்பது ஒரு கேள்வி. உண்டு என்றோ, இல்லை என்றோ, தெரியாது என்றோ ஒருவர் கொண்டிருப்பது நியாயமா என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு ஒரு விடைதான் சரியாக இருக்க முடியும். இரண்டாவதில் மூன்று பேருமே தப்பில்லாமல் இருக்கலாம், மூன்று பேருமே தப்பாகவும் இருக்கலாம். அவரவர் வந்த வழியைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

அந்த வழிக்குத் தமிழில் அளவை என்று பெயர். படி, உழக்கு போல அளக்கும் கருவி என்பதே சொல்லின் பொருள். எத்தனை அளவைகளை ஏற்பது என்பதில்தான் இந்திய மரபில் ஒவ்வொரு தரப்பும் தன் முதல் கோட்டைப் போடுகிறது. உலகாயதர் காட்சி, அதாவது புலன்களால் நேரே அறிவது, ஒன்றையே ஏற்பவர்கள் என்று பெயர் பெற்றவர்கள். பௌத்தருக்குக் காட்சியோடு, தெரிந்ததை வைத்துத் தெரியாததை ஊகிக்கும் கருதலும் சேர்ந்து இரண்டு. சாங்கியர், நம்பத்தக்கவர் சொல்லாகிய உரையைச் சேர்த்து மூன்று என்பார்கள். நியாயம் என்ற தருக்க மரபினரான நையாயிகர், ஒப்புமையால் அறியும் ஒப்பையும் சேர்த்து நான்கு என்பார்கள். வேதச் சடங்குகளுக்குப் பொருள் ஆராயும் மீமாம்சகரில் குமாரிலரைப் பின்பற்றுபவர்களுக்கு ஆறு. மணிமேகலையின் சமயக்கணக்கர் காதையில் அளவைவாதி பத்து அளவைகளை வரிசையாகச் சொல்கிறான். சைவசித்தாந்த நூலான சிவஞான சித்தியார் அந்தப் பத்தையும் எடுத்துப் பார்த்து, எல்லாம் காண்டல் (காட்சி), கருதல், உரை என்ற மூன்றில் அடங்கும் என்று முடிக்கிறது.

கண்ணால் கண்டதைத் தவிர எதையும் ஏற்கமாட்டேன் என்பது கேட்க உறுதியாக இருக்கும். ஆனால் நிற்காது. அதே காதையில், காட்சி மட்டுமே அளவை என்ற பூதவாதியிடம் மணிமேகலை ஒரே கேள்விதான் கேட்கிறாள்: உன் தாய் தந்தையர் இன்னார் என்பதைக் கருதல் அளவையால் அல்லாமல் எப்படி அறிந்தாய்? பிறந்த நேரத்தில் நடந்ததை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை. ஆகவே கடவுளை நம்புகிறவரும் மறுக்கிறவரும் காட்சிக்கு அப்பால் போயே தீர வேண்டும். போவது குற்றமில்லை, எப்படிப் போகிறார்கள் என்பதே விஷயம்.

கருதல் எங்கே உடையும்

அடுக்களைப் புகையும் மலைப் புகையும் இந்தியத் தருக்கத்தின் அரிச்சுவடி. மணிமேகலையில் அறவண அடிகள் சொல்லிக்கொடுக்கும் வடிவத்தில் ஐந்து உறுப்புகள் உண்டு. இந்த மலையில் நெருப்பு இருக்கிறது என்பது பக்கம், அதாவது நிறுவ எடுத்துக்கொண்ட செய்தி. புகை இருப்பதால் என்பது ஏது. அடுக்களை போல என்பது திட்டாந்தம், எடுத்துக்காட்டு. இந்த மலையிலும் அப்படிப் புகை இருக்கிறது என்று பொருத்துவது உபநயம். ஆகவே நெருப்பு உண்டு என்று முடிப்பது நிகமனம்.

ஐந்தில் உயிர்நிலை ஏதுதான். நையாயிகர் அதற்கு ஐந்து சோதனைகள் வைக்கிறார்கள். எந்த இடத்தைப் பற்றிப் பேசுகிறோமோ அங்கே ஏது உண்மையிலேயே இருக்க வேண்டும்: மலையில் தெரிவது புகையா, மூடுபனியா? நெருப்பு உள்ள, நமக்கு நன்கு தெரிந்த இடங்களில் அது இருந்திருக்க வேண்டும். நெருப்பு இல்லை என்று தெரிந்த இடங்களில், குளம் போன்றவற்றில், அது இருக்கவே கூடாது. முடிவை வேறொரு வலுவான அளவை ஏற்கெனவே அடித்திருக்கக் கூடாது. எதிர்முடிவைத் தரும் சம வலுவுள்ள இன்னொரு ஏது இருக்கக் கூடாது. ஒன்றில் தோற்றாலும் அது ஏது அன்று, ஏதுப்போலி.

இவற்றோடு உபாதி என்ற ஒளிந்திருக்கும் நிபந்தனையையும் தேட வேண்டும். புகை இருந்தால் நெருப்பு உண்டு என்பது சரி. நெருப்பு இருந்தால் புகை உண்டு என்றால் தவறு. அடுக்களையில் ஆயிரம் முறை நெருப்பும் புகையும் சேர்ந்தே இருந்திருக்கலாம். ஆனால் அங்கே புகையைத் தந்தது ஈர விறகு. பழுக்கக் காய்ச்சிய இரும்பில் நெருப்பு உண்டு, புகை இல்லை. ஆயிரம் உதாரணம் கையில் இருப்பவருக்கும் இந்த ஈர விறகு கண்ணில் படாமல் போகும். கடவுள் பற்றிய வாதங்களில் பெரும்பாலானவை கவிழ்வது இங்கேதான்.

இப்போது நையாயிகரின் பெரிய வாதத்தை எடுத்துக்கொள்வோம். நிலம் முதலியவற்றுக்கு ஒரு கருத்தா உண்டு, அவை காரியங்கள் ஆதலால், குடத்தைப் போல. 10ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மிதிலையில் வாழ்ந்த உதயணர், நியாயகுசுமாஞ்சலியில் இதைத் தலையாய சான்றாக வைத்து, மேலும் பல சான்றுகளை அடுக்குகிறார். 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞான போதத்தின் 12 நூற்பாக்களில் முதல் நூற்பாவையே இதற்குக் கொடுத்தார். அவன், அவள், அது என்று சுட்டப்படும் உலகம் தோன்றி, நின்று, ஒடுங்குகிறது, ஆகவே அதைச் செய்பவன் ஒருவன் உண்டு, ஒடுக்குகிறவனே முதல்வன். சித்தியார் இதை விரித்து, மண் முதற்காரணம், திரிகை துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம் என்று பிரித்துக் காட்டுகிறது. மாயை மண், சத்தி திரிகை, இறைவன் குயவன். ஒன்றுமில்லாததிலிருந்து உலகம் வந்தது என்று இவர்கள் யாரும் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஐரோப்பிய வாதங்களுக்கு எழுதப்பட்ட மறுப்புகளை அப்படியே எடுத்துச் சைவசித்தாந்தத்தின் மேல் வீசுகிறவர்கள் குறி தவறுவது இதனால்தான்.

குடத்தைப் பார்த்துக் குயவனை அறிவது சரி. பௌத்தத் தருக்க அறிஞர் தர்மகீர்த்தி கேட்டது வேறு. குடமும் மண்ணின் மாற்றம், புற்றும் மண்ணின் மாற்றம். மண்ணின் மாற்றம் ஆதலால் குயவன் உண்டு என்றால், புற்றையும் குயவன்தான் வனைந்தான் என்று சொல்ல வேண்டிவரும். எந்த வகை அமைப்பைப் பார்த்தால், அதை ஆக்கியவனை முன்னே காணாதவருக்கும் ஓர் ஆக்கியவன் உண்டென்று தோன்றுகிறதோ, அந்த வகை அமைப்பிலிருந்துதான் ஆக்கியவனைக் கருத முடியும். மண்ணில் புதைந்து கிடக்கும் பானை ஓட்டைப் பார்த்த எவருக்கும் அந்த எண்ணம் வரும். மலையைப் பார்த்தால் அப்படி வருவதில்லை. இரண்டுக்கும் காரியம் என்ற ஒரே சொல்லைச் சூட்டியதால் இரண்டும் ஒரே இனம் ஆகிவிடாது. என் பார்வையில் இந்த வாதத்தின் மேல் விழுந்த அடிகளில் மிகப் பலமானது இதுதான். இதற்குச் சொல்லப்பட்ட பதில்கள் எவையும் முழுமையாக நிற்கவில்லை.

விதைக்காமல் முளைக்கும் காட்டுப்புல் இன்னொரு மறுப்பு. அது காரியம், செய்தவரை யாரும் காணவில்லை, ஆகவே ஏது பிறழ்கிறது. நையாயிகரின் பதில்: புல்லும் வழக்கில் உள்ள பொருள்தான். எதைப் பற்றி வழக்கு நடக்கிறதோ அதையே எதிர்ச்சாட்சியாக நிறுத்தக்கூடாது. நிறுத்தலாம் என்றால் மலையில் நெருப்பு தெரியவில்லை என்பதை வைத்தே புகை ஏதுவையும் தள்ளிவிடலாம். இந்தப் பதில் நியாயமானது. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. புல், மரம், மலை, கடல் எல்லாவற்றையும் வழக்குக்குள் இழுத்துக்கொண்டால், கைவசம் மிஞ்சும் உறுதியான உதாரணங்கள் குடம், ஆடை, வீடு, தேர் போல மனிதர் செய்தவை மட்டுமே. அவற்றிலெல்லாம் ஈர விறகு ஒன்று உண்டு: செய்தவருக்கு உடம்பு இருக்கிறது. உடம்பால் செய்யப்பட்டது என்பதே உபாதி என்று எதிர்த்தரப்பு உடனே பிடித்துக்கொள்ளும். உடம்பில்லாமல் எதையாவது செய்தவரைத் தனியாகக் காட்டினால் ஒழிய இந்தப் பிடி தளராது.

கடவுளை நம்பாதவர்கள்தான் இப்படியெல்லாம் கேட்டார்கள் என்று நினைத்தால் தவறு. ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த ராமாநுஜர் ஸ்ரீபாஷ்யத்தில், பிரம்ம சூத்திரத்தின் மூன்றாம் சூத்திரத்துக்கு உரை எழுதும்போது, கருதலால் இறைவனை நிறுவ முடியாது என்று விரிவாக வாதிடுகிறார். உலகம் முழுவதும் ஒரே சமயத்தில் ஒரே ஆளால் செய்யப்பட்டது என்பதற்கு என்ன சான்று? பெரிய வீட்டைப் பலர் கட்டுவதுபோல, பெரும் புண்ணியம் சேர்த்த உயிர்கள் பல வெவ்வேறு காலங்களில் செய்திருக்கக் கூடாதா? குடத்தை வைத்துப் போனால் குயவனைப் போல அறிவில் குறைந்த, உடம்புள்ள கருத்தாவே கிடைப்பான். இறைவனை அறிய சாத்திரம் ஒன்றே வழி என்பது அவர் முடிவு. மறுபக்கம், வேதத்தை உயிராக மதித்த குமாரிலபட்டர் படைப்புக் கடவுளையே ஏற்கவில்லை. படைப்புக்கு முன் உடம்பு ஏது, கருணையால் படைத்தான் என்றால் கருணை காட்ட அப்போது யார் இருந்தார்கள், கருணையாளன் படைத்த உலகில் இத்தனை துன்பம் ஏன் என்று அடுக்கினார். ஆத்திகர், நாத்திகர் என்ற இரண்டு பெட்டிக்குள் இவர்களை அடைக்க முடியாது.

ஐரோப்பாவில் இதே விவாதம் வேறு உடுப்பில் நடந்தது. 1779இல் வெளியான டேவிட் ஹியூமின் உரையாடல் நூல், கருத்தாக்கள் பலராக இருக்கலாமே என்று ராமாநுஜர் கேட்டதையே கேட்டது. 1802இல் வில்லியம் பேலி கடிகாரத்தைக் காட்டி உயிர்களின் உறுப்பமைப்பிலிருந்து வாதிட்டார். உறுப்பமைப்பு உருவாக இயற்கைத் தேர்வு என்ற இன்னொரு வழியை 1859இல் டார்வின் காட்டியதும் அந்த ஏது வலுவிழந்தது. இப்போது பேசப்படுவது இயற்பியல் மாறிலிகளின் நுண்பொருத்தம்: அவை சற்று மாறியிருந்தாலும் விண்மீன்களும் வேதியியலும் உண்டாகியிருக்காது என்ற கணக்கு. இதைப் புற்றுக் கேள்வியால் எளிதில் தள்ள முடியாது. ஆனால் நம் கையில் இருப்பது ஒரே ஒரு பிரபஞ்சம். மாறிலிகள் வேறாக அமைய எவ்வளவு வாய்ப்பு இருந்தது என்று அளக்கப் படி இல்லை. அடுக்களையே இல்லாமல் புகையைப் பற்றிப் பேசுவது போன்ற நிலை இது.

ஆகவே உலகத்தைப் பார்த்தாலே கடவுள் உண்டென்று தெரியவில்லையா என்று கேட்டு, மறுப்பவரை மூடர் என்று சொல்பவர், தன் ஏது எவ்வளவு தாங்கும் என்று பார்க்காதவர். அது தரக்கூடியது அதிகம் போனால் ஏதோ ஒரு காரணம். அன்பு, நீதி, வேண்டுதலைக் கேட்கும் செவி எதுவும் அந்த ஏதுவில் இல்லை.

உரையும் அனுபவமும்

வாழ்க்கையில் நாம் அறிந்தவற்றில் மிகப் பெரும்பகுதி பிறர் சொல்லி அறிந்தது. பிறந்த தேதி முதல் பூமியின் வயது வரை அப்படித்தான். எனவே உரையை நம்புவது தன்னளவில் குருட்டு நம்பிக்கை ஆகாது. சொல்பவர் ஆப்தராக இருக்க வேண்டும்: விஷயத்தை நேரே அறிந்தவர், அறிந்தபடி சொல்ல விரும்புபவர், பொய் சொல்வதால் ஆதாயம் இல்லாதவர்.

கடவுள் விஷயத்தில் இங்கே ஒரு சுழல் வரும். வேதமோ ஆகமமோ உண்மை, ஏனென்றால் இறைவன் சொன்னது. இறைவன் உண்டு, ஏனென்றால் அந்த நூல் சொல்கிறது. ஒன்றையொன்று பற்றி நிற்கும் இரண்டு ஓணான் கொடிகள். நையாயிகர் இதற்குப் பயந்தே முதலில் கருதலால் இறைவனை நிறுவ முயன்றார்கள். மீமாம்சகர் வேதத்துக்கு ஆசிரியரே இல்லை என்று சொல்லித் தப்பினார்கள். அப்படிச் சொல்லும்போது கடவுள் தேவையற்றவராகிவிட்டார். கருதலையும் விட்டுவிட்டு, சொன்னவர் இறைவன் என்பதால் நூலை நம்புகிறேன் என்பவருக்குத் தப்ப வழி இல்லை.

தமிழ்நாட்டின் பகுத்தறிவு இயக்கம் முக்கியமாக அடித்தது இந்த ஆப்தர் நிபந்தனையைத்தான் என்பது என் எண்ணம். இந்த நூல்களால் யாருக்கு ஆதாயம், பிறப்பால் உயர்வு தாழ்வு சொல்லும் வாக்கியங்களை எழுதியவர், காத்தவர் யார் என்று பெரியார் கேட்டபோது, தருக்க மொழியில் அது ஆதாயம் இல்லாமை என்ற உறுப்பை உடைக்கும் கேள்வி. கேள்வி நியாயமானது, அந்த நூல்களின் சாட்சியை அது உண்மையிலேயே பலவீனப்படுத்துகிறது. ஆனால் சாட்சி பொய்யர் என்று காட்டினால் வழக்கு நிரூபிக்கப்படவில்லை என்றுதான் ஆகும். சம்பவமே நடக்கவில்லை என்று ஆகாது. அந்த இடைவெளியைத் தாண்ட மறுப்பவருக்கு வேறு ஏது வேண்டும்.

அனுபவத்துக்கு வருவோம். கருவறை முன் நின்றபோதோ, தியானத்திலோ, பெரும் துக்கத்திலோ இறைவன் தன்னோடு இருப்பதை உணர்ந்தேன் என்று சொல்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அந்த உணர்வு அவருக்குச் சான்று ஆகுமா? மீமாம்சகர் விடை: எந்த அறிவும் தன்னளவில் மெய் என்றே கொள்ளத்தக்கது, அதை அடிக்கும் பின்னறிவு வந்தாலோ, அது பிறந்த கருவியில் பழுது தெரிந்தாலோதான் விட வேண்டும். நையாயிகர் விடை: எந்த அறிவும் தன்னால் மெய் ஆகாது, செயலில் இறங்கிப் பயன் கிடைத்தால்தான் உறுதி, கானல் நீரா, நீரா என்பது குடித்துப் பார்த்தால் தெரியும். 1877இல் வில்லியம் கிளிஃபோர்ட் போதிய சான்றில்லாமல் எதையும் நம்புவது தவறு என்றதும், அதற்கு நேரெதிராக ஆல்வின் பிளான்டிங்கா 20ஆம் நூற்றாண்டில், கடவுள் நம்பிக்கைக்கு வேறு வாதங்கள் அடித்தளமாக இருக்க வேண்டியதில்லை என்றதும் இந்தப் பழைய பிளவின் இரண்டு கரைகள்.

மீமாம்சகர் பக்கமே சாய்ந்தாலும் பழுதைத் தேட வேண்டிய கடமை போகாது. தர்மகீர்த்தி ஒரு பட்டியல் தருகிறார்: காமம், துயரம், அச்சம் ஆகியவற்றால் கலங்கியவர்களும், கனவில் திருடரைக் காண்பவர்களும் இல்லாததை எதிரே நிற்பது போலத் தெளிவாகக் காண்கிறார்கள். இடைவிடாமல் எதை நினைத்தாலும் அது தெளிவாகத் தோன்றும். தெளிவு இருப்பதால் மெய் என்று ஆகாது. இன்னொரு பழுது: சைவருக்குச் சிவனாக, வைணவருக்குத் திருமாலாக, கிறித்தவருக்கு ஏசுவாகத் தெரிவதில், கண்டவர் முன்பே கேட்டறிந்த பங்கு எவ்வளவு? இந்த இரண்டையும் நேர்மையாக எடைபோட்ட பிறகும், தன்னைவிடப் பெரிய ஒன்றன் முன் நின்றேன் என்ற அளவை ஒருவர் விடாமல் பிடித்திருந்தால், அவரை நியாயம் தவறியவர் என்று சொல்ல எனக்கு ஏது கிடைக்கவில்லை. அதைக் காட்டி அடுத்தவரும் நம்ப வேண்டும் என்று அவர் கேட்டால், அப்போது கூடாது. அவருக்குக் காட்சியாக இருந்தது அடுத்தவருக்கு வெறும் உரை.

இல்லை என்பதற்கும் ஏது வேண்டும்

காணவில்லை, ஆகவே இல்லை. இதன் அபாயத்தை உதயணர் ஓர் உதாரணத்தால் காட்டினார். காணாததெல்லாம் இல்லாதது என்றால், வீட்டை விட்டு வெளியே வந்த சார்வாகன் (உலகாயதன்) திரும்பிப் போகக் கூடாது. மனைவி மக்கள் கண்ணில் படவில்லை, ஆகவே அவர்கள் இல்லை என்று அழ வேண்டியதுதான். காணாமை சான்றாக வேண்டுமென்றால், அந்தப் பொருள் இருந்திருந்தால் கண்டிருப்போம் என்பது முதலில் உறுதியாக வேண்டும். மேசை மேல் யானை இல்லை என்று பார்த்தே சொல்லலாம். மேசை மேல் கிருமி இல்லை என்று பார்த்துச் சொல்ல முடியாது. சித்தியார் இந்தக் காணாமையை, அனுபலத்தி என்ற பெயரில், ஒரு முறையான ஏதுவாகவே ஏற்று, குளிர் இல்லாமையால் பனி இல்லை என்று அறிவதை உதாரணம் காட்டுகிறது. பனி இருந்தால் குளிர் இருந்தே தீரும். அதனால் அது செல்லும்.

எனவே மறுப்பவர் செய்ய வேண்டிய வேலை தெளிவானது. எந்தக் கடவுளை மறுக்கிறோம் என்று முதலில் சொல்ல வேண்டும். அந்தக் கடவுள் இருந்தால் உலகில் எது இருந்தே தீரும் என்று காட்ட வேண்டும். அது இல்லை என்று காட்ட வேண்டும்.

எல்லாம் அறிந்த, எல்லாம் வல்ல, பேரன்புடைய கடவுள் என்றால் குளிர் எது? தேவையற்ற துன்பம் இல்லாமை. இந்த முறையீடு தமிழில் மிகப் பழையது. புறநானூற்றின் 194ஆம் பாட்டில் பக்குடுக்கை நன்கணியார், ஒரு வீட்டில் சாவுப்பறையும் ஒரு வீட்டில் மணமுழவும் ஒலிப்பதைக் கேட்டு, இப்படிப் படைத்தவன் ‘பண்பிலாளன்’ என்கிறார். இரந்துதான் உயிர்வாழ வேண்டுமென்றால் உலகைப் படைத்தவன் கெட்டழியட்டும் என்கிறது திருக்குறளின் 1062ஆம் குறள். இரண்டும் கடவுள் இல்லை என்று முடிக்கவில்லை. பண்பைத்தான் கேள்வி கேட்கின்றன. துன்பம் என்ற ஏது எதைத் தொடுகிறது என்பதில் அந்தப் புலவர்களுக்கு இருந்த துல்லியம் வியப்பானது. அது படைத்தவன் உண்டு என்பதை நேரே தொடாது; படைத்தவன் நல்லவன், வல்லவன் என்ற இரண்டும் சேர்ந்திருப்பதைத் தொடுகிறது.

இந்திய மரபின் பதில் வினை. உயிர்களின் வினைக்கேற்பவே இறைவன் செய்கிறான், ஆகவே அவனிடம் ஓரவஞ்சனையும் இல்லை, கொடுமையும் இல்லை என்கிறது வேதாந்தத்தின் மூல நூலான பிரம்ம சூத்திரம். உடனே எழும் எதிர்க்கேள்வி: வினையே எல்லாவற்றையும் நடத்தினால் இறைவன் எதற்கு? வினை சடம், அது தானாகப் போய்ச் செய்தவனைத் தேடிப் பிடிக்காது, பொருத்திக் கொடுக்க அறிவுள்ள ஒருவன் வேண்டும் என்பது சித்தாந்தத்தின் விடை. வாதமாக இது ஒன்றுக்கொன்று முரண்படவில்லை. ஆனால் வினையும் மறுபிறப்பும் இன்னொரு பெரிய கருதலைக் கேட்கின்றன. ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன். கூடவே, ஊனத்தோடு பிறந்த குழந்தையின் துன்பத்தை அதன் பழைய கணக்கு என்று சொல்வதில் உள்ள கொடுமை, கேட்கிறவரை உறுத்தத்தான் செய்யும். உறுத்த வேண்டும் என்றே நினைக்கிறேன்.

1979இல் அமெரிக்க மெய்யியலாளர் வில்லியம் ரோ இந்த ஏதுவைப் புதிதாகக் கூர்மையாக்கினார். காட்டுத் தீயில் சிக்கிய மான்குட்டி ஒன்று பல நாள் துடித்துச் சாகிறது. யாரும் பார்க்கவில்லை, யாரும் பாடம் கற்கவில்லை. இதனால் விளைந்த பெரிய நன்மை எதுவும் நமக்குத் தெரியவில்லை; ஆகவே அநேகமாக அப்படி எதுவும் இல்லை. எதிர்த்தரப்பு கேட்பது உதயணரின் கேள்வியேதான்: கடவுளுக்கு ஒரு காரணம் இருந்திருந்தால் அது நமக்குத் தெரிந்தே இருக்கும் என்று எப்படிச் சொல்வீர்? மேசை மேல் இருப்பது யானையா, கிருமியா? என் கணிப்பில், அந்தக் காரணம் நமக்கு எட்டாததாக இருக்கலாம் என்பது சாத்தியம்தான். ஆனால் அதையே எல்லா இடத்திலும் பயன்படுத்தினால், கடவுள் நல்லவர் என்பதற்கு நம்பிக்கையாளர் காட்டும் சான்றுகளும் கூடவே போய்விடும். நன்மைகளின் பின்னணியும் நமக்கு எட்டாததாகவே இருக்கும். ரோ அதே கட்டுரையில் தன் நிலையை நட்புடைய நாத்திகம் என்றார்: கடவுள் இல்லை என்று தான் கருதினாலும், உண்டு என்று நம்பும் சிலர் நியாயமாகவே நம்புகிறார்கள். 1993இல் ஜான் ஷெல்லன்பெர்க் இன்னொரு குளிரைச் சுட்டினார்: அன்புடைய கடவுள் இருந்தால், மனம் திறந்து தேடியும் காணாதவர் என்று எவரும் இருக்க மாட்டார், ஆனால் இருக்கிறார்கள்.

இந்த இரண்டும் பேரன்புடைய கடவுளுக்கு எதிராக உண்மையான பலம் கொண்டவை. உணர்ச்சியோ அக்கறையோ இல்லாத முதற்காரணத்துக்கு எதிராக அவற்றால் எதுவும் செய்ய முடியாது. அந்த இடத்தில் இல்லை என்று அடித்துச் சொல்பவர், மேசையைப் பார்த்துக் கிருமி இல்லை என்று சொல்பவரைப் போன்றவர்தான்.

தெரியாது என்பதன் மூன்று வகை

ஆங்கிலத்தில் இந்த நிலைக்கு 1869இல் தாமஸ் ஹக்ஸ்லி ‘அக்னாஸ்டிக்’ என்ற சொல்லால் பெயர் வைத்தார். பெயர் வருவதற்கு வெகுமுன்பே இங்கே ஐயத்துக்கு இலக்கணம் இருந்தது. இருட்டில் நிமிர்ந்து நிற்கும் உரு. குற்றியோ மகனோ என்று தோன்றுகிறது என்பது தொல்காப்பிய உரைகாரர்கள் தரும் உதாரணம். கட்டைக்கும் ஆளுக்கும் பொதுவான உயரம் தெரிகிறது, பிரித்துக்காட்டும் கையும் காலும் தெரியவில்லை. நையாயிகரின் மூல நூலான நியாய சூத்திரம் ஐயத்துக்கான காரணங்களில் இந்தப் பொதுத்தன்மையையும், அறிந்தவர்களே முரண்படுவதையும் சேர்க்கிறது. கடவுள் விஷயத்தில் இரண்டும் உண்டு. உலகின் ஒழுங்கு, கடவுள் இருந்தாலும் இருக்கும், இல்லாவிட்டாலும் இருக்கக்கூடும். கூர்மையான அறிவுடையவர்கள் இரு பக்கமும் இருக்கிறார்கள். ஆகவே ஐயத்துக்கு உரிய காரணம் இருக்கிறது. அது கோழைத்தனம் அல்ல.

ஆனால் தெரியாது என்பவர்கள் ஒரே கூட்டம் இல்லை. தேடிப்பார்க்காமல் சொல்பவருக்கு அது வெறும் விவரமின்மை. இரு தரப்பு ஏதுக்களையும் எடைபோட்டு முள் நடுவில் நிற்பதைப் பார்த்துச் சொல்பவரின் நிலைதான் உண்மையான ஐயம். மூன்றாமவர், மனிதரால் இதை அறியவே முடியாது என்பவர். அவர் பணிவாகப் பேசுவது போல் தோன்றும். உண்மையில் அவர் சொல்வது மிகப் பெரிய செய்தி: எல்லா மனிதர்களின் எல்லா அளவைகளுக்கும் எல்லை போடுகிறார். அதற்கு அவர் தனியே ஏது காட்ட வேண்டும். அப்படியொன்றை முறையாகக் காட்டியவர்கள் குறைவு.

எண்ணில் வரும் பிழை ஒன்றும் உண்டு. தெரியாது என்றால் பாதிக்குப் பாதி என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். உண்டு, இல்லை என்று இரண்டாகப் பிரித்தால் ஆளுக்கு 50 சதவீதம் வரும். ஒருவர் உண்டு, பலர் உண்டு, யாரும் இல்லை என்று மூன்றாகப் பிரித்தால் யாரும் இல்லை என்பது 33 சதவீதமாகக் குறையும். அறிவு ஒரு துளியும் கூடாமல், பிரித்த விதத்தால் மட்டும் எண் மாறுகிறது. ஆகவே அந்த எண்ணுக்கு மதிப்பு இல்லை. பிரெஞ்சு அறிஞர் பாஸ்கலின் பந்தயம் தடுமாறுவதும் இங்கேதான். நம்பி ஏமாந்தால் இழப்பு சிறிது, நம்பாமல் ஏமாந்தால் இழப்பு எல்லையற்றது என்ற கணக்கு ஒரே ஒரு கடவுள் போட்டியில் இருந்தால்தான் ஓடும். ஒருவரை வணங்கினால் இன்னொருவர் தண்டிப்பார் என்று இரண்டு மதங்கள் சொன்ன உடனே கட்டங்களெல்லாம் எல்லையற்ற இழப்பால் நிறைந்துவிடும்.

ஐயம் எதுவரை போகலாம்? ஐயத்துக்கு எல்லை முரண் என்றார் உதயணர். நெருப்பால்தான் புகை வருமா என்று ஐயப்படுபவர், புகை வேண்டும்போது தயங்காமல் நெருப்பையே தேடிப் போகிறார் என்றால், அவரிடம் ஐயம் இல்லை. 12ஆம் நூற்றாண்டில் அத்வைதியான ஸ்ரீஹர்ஷர் அதே செய்யுளைத் திருப்பிப் போட்டார்: முரண் இருக்கிறது என்றால் அது ஐயத்தோடுதானே முரண்படுகிறது, அப்படியானால் ஐயம் இருக்கவே செய்கிறது. 14ஆம் நூற்றாண்டில் நையாயிகரான கங்கேசர் இதற்கு விடை எழுதினார்: தடுப்பது முரண் என்ற கருத்து அன்று, ஐயப்படுபவரின் சொந்தச் செயலே.

கங்கேசரின் அளவுகோலைக் கடவுள் ஐயத்தில் வைக்கும்போது, அந்தச் செயலுக்கு வேறு காரணம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே வைக்க வேண்டும். தெரியாது என்று சொல்பவர், அம்மா இறந்த பதினாறாம் நாள் காரியத்தில் உட்கார்ந்து எள்ளும் தண்ணீரும் இறைத்தால், அவரைப் பொய்யர் என்று பிடிக்க முடியாது. அக்காவின் மனத்துக்காக, அப்பாவின் சொல்லுக்காக, அம்மா விரும்பினாள் என்பதற்காக அவர் அதைச் செய்யலாம். அந்தச் செயலுக்கு இறைவன் உண்டு என்ற முடிவு தேவையில்லை. ஆனால் அதே ஆள், பிள்ளைக்கு மருத்துவர் சொன்ன அறுவை சிகிச்சையை நேர்த்திக்கடனை நம்பித் தள்ளிப்போட்டால், முள் நடுவில் நிற்கவில்லை. அங்கே அவர் ஒரு பக்கம் முடிவு செய்துவிட்டார். அந்த முடிவுக்கு எந்த அளவை என்று அப்போது அவரிடம் கேட்கலாம்.